லண்டனில் ஒரு நாடக இரவு

லண்டன் மாநகருக்குப் போகும் நம்மவரில் பலர், பகலெல்லாம் அரண்மனை வாசலிலும் அருங்காட்சிச் சாலைகளிலும் தேம்ஸ் நதிக்கரையிலும் கால்கடுக்க அலைந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ திரும்பி, ரசமும் சாதமும் உண்டு படுத்துவிடுகிறார்கள். அவர்கள் தலையணையைத் தேடும் அந்த நேரத்தில்தான், பிக்காடிலி சர்க்கஸிலிருந்து ஆல்ட்விச் வரையில், அரைமணிப் பொழுதில் நடந்து கடந்துவிடக்கூடிய ஒரு சிறு வட்டாரத்துக்குள், அந்நகரத்தின் ஏறக்குறைய 40 பெரிய நாடக சாலைகளில் மிகப் பலவும் ஒருசேர விளக்கேற்றிக்கொண்டு வாயிலைத் திறக்கின்றன. வெஸ்ட் எண்ட் என்று பிரசித்தி பெற்ற அந்த வட்டாரத்துக்கு ஈடாக நியூயார்க்கின் பிராட்வேயைச் சொல்லலாம்; மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல யோசிக்கத்தான் வேண்டும். லண்டன் வரையில் போய்விட்டு அதைப் பாராமல் திரும்புவது பெரிய நஷ்டம்.

நாடகம் பார்க்க ஆசை கொண்டவர்களும் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த நாடகத்துக்குப் போகலாம் என்பதைத்தான். கேள்வி நியாயமானதே, ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எங்கே உட்காருவது என்பது என்று எனக்குத் தோன்றுகிறது. சுமாரான நாடகத்தை நல்ல இடத்திலிருந்து பார்த்தவர் அந்த இரவைக் குறை சொல்ல மாட்டார். உன்னதமான நாடகத்தை ஓர் இரும்புத் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தவரோ, ஊருக்கு வந்த பிறகு நாடகத்தை விட்டுவிட்டுத் தூணைப் பற்றித்தான் பேசுவார். இப்படியாவதற்குக் காரணம், இந்த நாடக சாலைகளில் பெரும்பாலானவை நம்முடைய காலத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பது. விக்டோரியா மகாராணியின் இறுதிக் காலத்திலும், அவருடைய குமாரர் ஏழாம் எட்வர்டு ஆண்ட சொற்ப வருஷங்களிலும், அதையொட்டிய காலத்திலும் எழும்பிய கட்டடங்கள் அவை. அக்காலத்து மனிதர்களின் உடல் அளவும், அந்தஸ்துப் பித்தும், நெருப்புப் பயமும் அவற்றின் சுவர்களுக்குள் இன்னும் குடியிருக்கின்றன. இவற்றை அறிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே எதிர்பாராத கஷ்டம் நேருவது அரிது.

ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ என்ற வீதியையே எடுத்துக்கொள்ளலாம். 1886-ம் வருஷம் புதிதாக வெட்டித் திறக்கப்பட்ட அந்த வீதியில், 1888-ல் லிரிக், 1901-ல் அப்போலோ, 1906-ல் இன்று கீல்குட் என்று வழங்கும் சாலை, 1907-ல் அதற்கு ஜோடியாக இன்று சோண்டைம் என்று வழங்கும் சாலை என்று, ஒரே ஓரத்தில் வரிசையாக நான்கு நாடக சாலைகள் எழும்பின. கடைசி இரண்டையும் வகுத்தவர் ஸ்பிரேக் என்ற சிற்பி. அவரும், கொலிசியம், பலேடியம் ஆகிய பிரம்மாண்டமான சாலைகளை வகுத்த ஃபிராங்க் மேச்சமும் அந்தத் தொழிலில் ஈடற்றவர்கள். தந்த நிறமும் பொன் வர்ணமும் செவ்வெல்வெட்டும், முகட்டில் பறக்கும் கந்தருவக் குழந்தைகளுமாக அவர்கள் சமைத்துக் கொடுத்த உள்ளரங்குகள், திரை தூக்குவதற்கு முன்பே கொடுத்த பணத்தில் கால் பங்குக்குக் கண்ணுக்கு விருந்தளித்துவிடுகின்றன.

ஆனால் அந்த அழகுக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. குதிரை வண்டியில் வந்திறங்கிய பிரபுவும், ஒரு ஷில்லிங்கை எண்ணிக் கொடுத்துவிட்டு உச்சி மாடிக்கு ஏறிய குமாஸ்தாவும், மாலை முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிடக் கூடாது என்பது அக்காலத்துச் சிற்பிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஆகவே பிரபுவுக்கு வீதியைப் பார்த்த பளிங்கு வாயில். குமாஸ்தாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கதவு, அதற்கப்பால் மெத்தை விரிக்காத மொட்டைப் படிக்கட்டு. மதுக்கூடம் வேறு, ஒதுங்குமிடம் வேறு. ட்ரூரி லேன் ராஜாங்க நாடக சாலையில் இந்தப் பிரிவினை ஒரே குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கும் அவருடைய மூத்த குமாரருக்கும் ஓயாத பூசல்; இருவரும் அந்தச் சாலையில் எதிர்ப்பட்டபோது தகப்பனார் பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்றும், அதன் பிறகு இருவரும் சந்திக்க நேராதபடி நிர்வாகத்தார் இரண்டு வழிகள் அமைத்தார்கள் என்றும் சொல்வார்கள். 1812-ல் எழுந்த அந்தக் கட்டடத்துக்குள் இன்று நுழைகிறவரும் ஒரு கதவின் மேல் அரசர் பக்கம் என்றும், எதிர்க்கதவின் மேல் இளவரசர் பக்கம் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம்.

இன்னொரு செய்தி. மேடைக்கு எதிரேயுள்ள கீழ்த்தரை இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது அல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதுதான் சாமானியரின் இடம். முதுகு சாய்க்கவும் வழியில்லாத பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, நல்ல நடிப்புக்கு ஆரவாரமும் மோசமான நடிப்புக்குக் கூச்சலும் வஞ்சனையின்றி வழங்கியவர்கள் அந்தக் கீழ்த்தரைக்காரர்கள். நடிகரும் நாடக சாலை அதிபருமான ஸ்குவயர் பான்கிராஃப்ட், 1880-ல் ஹேமார்க்கெட் நாடக சாலையைப் புதுப்பித்தபோது, கீழ்த்தரை முழுவதையும் விலையுயர்ந்த தனி ஆசனங்களாக்கி, பெஞ்சுக்காரர்களை மாடிக்கு ஏற்றிவிட்டார். திறப்பு விழா இரவிலேயே கலகம் மூண்டது. பழைய இடத்தைத் திருப்பிக் கொடு என்று சபையினர் இட்ட கூச்சலில் நாடகம் தொடங்கவே நேரமாகிவிட்டது. கலகக்காரர்கள் தோற்றார்கள். மற்றச் சாலைகளும் ஒவ்வொன்றாகப் பான்கிராஃப்டின் வழியைப் பின்பற்றின. பணம் குறைந்தவன் மேலே ஏற வேண்டும் என்ற நியதி அன்று முதல் நிலைபெற்றுவிட்டது.

இந்தச் சரித்திரம் டிக்கெட் வாங்குகிறவருக்கு எதற்கு என்று கேட்கலாம். கணினித் திரையில் தோன்றும் இருக்கைப் படத்தில் ஸ்டால்ஸ், டிரெஸ் சர்க்கிள், அப்பர் சர்க்கிள், பால்கனி என்று கீழிருந்து மேலாக அடுக்கியிருப்பது அந்தப் பழைய வகுப்புப் பிரிவினையைத்தான். ராயல் சர்க்கிள், கிராண்ட் சர்க்கிள் என்று சாலைக்குச் சாலை பெயர் மாறும், ஏணி மாறாது. ஸ்டால்ஸ் என்பது கீழ்த்தரை. அதன் முற்பாதியில் நடிகரின் நெற்றி வியர்வை தெரியும். பிற்பாதியிலோ மேல்மாடத்தின் அடிப்பகுதி தலைக்கு மேல் கவிந்து நின்று மேடையின் மேற்பாதியை மறைத்துவிடும். ஹிஸ் மெஜஸ்டிஸ் நாடக சாலையில் 1986 முதல் நடந்துவரும் 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா'வுக்குப் போய், உயரத்தில் ஊசலாடும் அந்தப் பிரசித்தி பெற்ற சரவிளக்கைப் பாராமலே திரும்புகிறவர்கள், விலை குறைவென்று பின்வரிசை ஸ்டால்ஸில் அமர்ந்தவர்கள்தாம். (இந்தச் சாலைக்கு ஒரு விசித்திரம் உண்டு: அரியணையில் அரசி இருந்தால் ஹெர் மெஜஸ்டிஸ் என்றும், அரசர் இருந்தால் ஹிஸ் மெஜஸ்டிஸ் என்றும் பெயர்ப் பலகை மாறும். சார்லஸ் மன்னர் பட்டமேற்றதற்குப் பின், 2023-ல், கடைசியாக மாறியது.)

என்னைக் கேட்டால், முதன்முறை போகிறவர் டிரெஸ் சர்க்கிளின் முதல் நான்கைந்து வரிசைகளில் நடுப்பாகமாகப் பார்த்து வாங்குவது உத்தமம் என்பேன். மேடை முழுவதும் ஒரு சித்திரம் போல எதிரே விரியும். எதிர்வரிசைக்காரரின் தலை மறைக்காது. இன்னொரு சௌகரியத்தையும் பலர் அறிவதில்லை. பல சாலைகளில் ஸ்டால்ஸ் தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். வாயிலிலிருந்து அதிகப் படியின்றிப் போய்ச் சேரக்கூடியது டிரெஸ் சர்க்கிளாகவே இருக்கும். முழங்கால் வலியுள்ள தாய் தகப்பனாரை அழைத்துப் போகிறவர்கள், கீழ்த்தரை என்ற பெயரை நம்பி ஸ்டால்ஸ் வாங்கிவிடாமல், எத்தனை படி ஏற வேண்டும், எத்தனை படி இறங்க வேண்டும் என்று நாடக சாலைக்கே எழுதியோ தொலைபேசியிலோ கேட்டுக்கொள்வது நல்லது. பொறுமையாகப் பதில் சொல்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிக்காடிலி சர்க்கஸில் உள்ள கிரைட்டீரியன் 1874-ல் கட்டப்பட்டது. ஏறத்தாழ முழுவதும் பூமிக்கு அடியில் இருப்பது. அங்கே மேல்மாடத்துக்குப் போகிறவரும் படி இறங்கித்தான் போக வேண்டும்.

உச்சி மாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விலையைப் பார்த்து நம்மவர் மனம் அங்கேதான் போகும். ஏற்றம் செங்குத்தாக இருக்கும். அப்போலோவின் உச்சி மாடம் லண்டனிலேயே மிகச் செங்குத்தானது என்று பெயர் வாங்கியது. உயரம் கண்டு தலை சுற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போகலாகாது. மின்தூக்கி பெரும்பாலும் கிடையாது. விக்டோரியா காலத்துக் குமாஸ்தா நம்மைவிடக் குட்டையாக இருந்திருக்க வேண்டும். ஆறடி மனிதர் அங்கே முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் தவம் செய்ய வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் கீழேயிருந்து எழும் வெப்பமெல்லாம் அங்கே வந்து தங்கும். முன்வரிசைகளிலோ, விழாமல் காக்கும் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் குறுக்கே ஓடும். ஆனாலும் வாலிபர்களுக்கும், கையில் காசு குறைந்த மாணவர்களுக்கும் அந்த இடத்தை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்: பேர்போன இசை நாடகத்துக்கு நல்ல இருக்கை 100 பவுனைத் தாண்டிவிடும் இக்காலத்தில், அதே நாடகத்தை அதே இரவில் 20, 30 பவுனுக்குக் காட்டும் இடம் அது ஒன்றுதான், ஓசையும் அங்கே குறைவின்றிக் கேட்கும். டிக்கெட்டில் பார்வைக்குத் தடையுள்ள இடம் என்று குறிப்பு இருந்தால் மட்டும், தடை எத்தகையது என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். கம்பி என்றால் பொறுக்கலாம். தூண் என்றால் பொறுக்க முடியாது. ரசிகர்கள் தாம் அமர்ந்த ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் மேடை எப்படித் தெரிந்தது என்று படம் பிடித்து வைத்திருக்கும் இணைய தளங்கள் இப்போது வந்துவிட்டபடியால், தூணுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்வதற்கு இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

இடத்தை இவ்வளவு ஆராய்ந்த பிறகு நாடகத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை நம்பிப் போகிறவருக்கு, லண்டன் நடிகர்கள் பேசும் வேகமும் உச்சரிப்பும் முதல் கால்மணி நேரம் திகைப்பூட்டும் என்பதை மறைப்பதில் பயனில்லை. அதற்காகத்தான் பலர் இசை நாடகத்தை நாடுகிறார்கள். லைசியம் நாடக சாலையில் 1999 முதல் நடந்துவரும் 'தி லயன் கிங்' மொழியே தெரியாத குழந்தைக்கும் புரியும். விலங்கு வேஷம் பூண்டவர்கள் சபை நடுவே நடந்து வரும் தொடக்கக் காட்சிக்காக, அந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் ஸ்டால்ஸில் நடைபாதையோரத்து இருக்கையை வாங்குவது புத்திசாலித்தனம். 1985-ல் தொடங்கிய 'லே மிஸெராப்ல' முற்றிலும் பாட்டாகவே நடப்பது. கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் சிரமமில்லை. நம்முடைய ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' என்ற நாடகம் 2002-ல் அப்போலோ விக்டோரியாவில் அரங்கேறி ஏறக்குறைய இரண்டு வருஷம் நடந்ததும் இந்த வட்டாரத்து வரலாற்றில் சேர்ந்ததுதான்.

வசன நாடகமே வேண்டும் என்பவர்களுக்கு அகதா கிறிஸ்டியின் 'தி மௌஸ்டிராப்' இருக்கிறது. 1952-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ம் தேதி அம்பாஸடர்ஸ் நாடக சாலையில் தொடங்கி, 1974-ல் அடுத்த வீடான செயின்ட் மார்ட்டின்ஸுக்கு மாறி, 2020-ல் பெருந்தொற்றால் தடைப்பட்டு, மறு வருஷம் மே மாதத்தில் மீண்டும் திரை தூக்கிய அந்தத் துப்பறியும் நாடகம், உலகத்திலேயே நெடுங்காலம் நடந்துவருவது. பனியில் அகப்பட்ட ஒரு விடுதி, அதில் சில மனிதர்கள், ஒரு கொலை, பாஷை எளியது. முதல் இரவில் கணப்பு மாடத்தின் மேல் வைத்த கடிகாரம் இன்றும் அங்கேயே இருக்கிறது. நாடகம் முடிந்தபின் நடிகர் ஒருவர் முன்வந்து, கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று சபையோரைக் கேட்டுக்கொள்வார். எழுபது வருஷத்துக்கு மேலாக ஜனங்களும் அந்த வாக்கை ஓரளவு காப்பாற்றி வருகிறார்கள். கலை என்ற அளவில் அது உயர்ந்த சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாடகமாகப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றது.

இன்னும் ஒரு யுக்தி உண்டு. காது மந்தமானவர்களுக்காக, வசனத்தை அப்படியப்படியே எழுத்தில் காட்டும் விசேஷக் காட்சிகளைப் பல சாலைகள் அவ்வப்போது ஏற்பாடு செய்கின்றன. மேடையின் ஓரத்தில் ஒரு பலகை. பேசப் பேச எழுத்து ஓடும். நம்மைப் போல் காதைவிடக் கண்ணால் இங்கிலீஷை அதிகம் கற்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். நாடக சாலையின் அட்டவணையில் அந்தத் தேதிகள் தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள குளோப் அரங்குக்குத் தனியாகத்தான் இடம் கொடுக்க வேண்டும். 1599-ல் எழுந்த பழைய குளோப், 1613-ல் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோயிற்று. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டுத் திட்டமிட்ட புதிய குளோப், அவர் காலமாகி நான்கு வருஷத்துக்குப் பிறகு, 1997-ல் திறக்கப்பட்டது. 1666-ல் லண்டனை அழித்த பெருந்தீக்குப் பின்னர் அந்நகரில் வைக்கோற்கூரை போட அனுமதி பெற்ற முதல் கட்டடம் இதுதான். நடுமுற்றத்துக்குக் கூரையே இல்லை. அங்கே 700 பேர் நின்றுகொண்டு பார்க்கலாம்; கட்டணம் ஐந்து பவுனிலிருந்து தொடங்கும். நம்மூர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கியவர்தாம் திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தார் என்பது போல, இங்கேயும் மிகக் குறைந்த காசு கொடுத்தவர்தாம் மேடையோரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மன்னர் வேஷக்காரரின் அங்கி தம் முகத்தில் உரசிப் போகும்படி நிற்கிறார். பான்கிராஃப்ட் துரத்திவிட்ட அந்தப் பழைய கீழ்த்தரை ரசிகனை மறுபடியும் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். மூன்று மணி நேரம் நிற்கத் தெம்பு வேண்டும். தரையில் குந்த விட மாட்டார்கள். மழை பெய்தால் நாடகம் நிற்காது, குடை விரிக்கவும் கூடாது. மழையங்கி கொண்டு போக வேண்டும். வெயில் காலத்து மாதங்களில்தான் இந்தத் திறந்தவெளி அரங்கு நடக்கும். குளிர் காலத்துக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடத்தும் சிறிய உள்ளரங்கு ஒன்று 2014 முதல் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் நானூறு வருஷத்துப் பாஷை அவ்வூர்க்காரருக்கே முழுதும் விளங்குவதில்லை. நமக்கு மட்டும் ஒரு குறுக்குவழி கிடைத்திருக்கிறது. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும், மாக்பெத்தை 'மகபதி' என்றும், வெனிஸ் வர்த்தகனை 'வாணீபுர வணிகன்' என்றும் தமிழ் வேஷம் கட்டி மேடையேற்றி, புத்தகமாகவும் அச்சிட்டு வைத்திருக்கிறார். பிரயாணத்துக்கு முந்தின வாரத்தில் அமலாதித்யனைப் படித்து முடித்துவிட்டு ஹாம்லெட்டுக்குப் போகிறவர், ஒவ்வொரு காட்சியிலும் அடுத்தது என்ன என்பதை அறிந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் அவ்வூர்க்காரரைவிட அதிகமாகவே ரசிப்பார்.

நதிக்கரையோரமாகவே மேற்கே நடந்தால் தேசிய நாடக சாலை வரும். டெனிஸ் லாஸ்டன் வகுத்து 1976-ல் திறக்கப்பட்ட அந்தக் கான்கிரீட் மலை, வெளித்தோற்றத்தில் பலருக்குப் பிடிப்பதில்லை. இன்றைய மன்னர் இளவரசராயிருந்த நாளில் அதை அணுமின் நிலையத்துக்கு ஒப்பிட்டு எள்ளியதும் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. தூணும் இல்லை, தனி வாயிலும் இல்லை, மொட்டைப் படிக்கட்டும் இல்லை. ஆலிவியர் என்ற அதன் பெரிய அரங்கு, கிரேக்கர்களின் விசிறி வடிவத்தைத் தழுவியது. எங்கே உட்கார்ந்தாலும் பழுதில்லை.

டிக்கெட் வாங்குவதில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. இன்ன நாடகம், இன்ன தேதி, இன்ன இருக்கை என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, அந்தந்த நாடக சாலையின் சொந்த இணைய தளத்தில் வாங்கிவிட வேண்டும். இடைத்தரகரிடம் போனால் சேவைக் கட்டணம் என்ற பெயரில் விலை ஏறும். எதுவானாலும் சரி, இன்று இரவு ஒரு நாடகம் பார்த்தால் போதும் என்பவர்கள், லெஸ்டர் சதுக்கத்தில் மணிக்கூண்டோடு நிற்கும் சிறு கட்டடத்துக்குப் போகலாம். லண்டன் நாடக சாலைகளின் சங்கமே 1980 முதல் நடத்திவரும் அரைவிலைச் சாவடி அது. விற்காமல் எஞ்சிய இருக்கைகளை அன்றைக்கும் அடுத்த ஓரிரு தினங்களுக்குமாகச் சலுகை விலையில் கொடுப்பார்கள். என்னென்ன நாடகம், என்ன விலை என்பது பலகையில் தெரியும். சதுக்கத்தைச் சுற்றிலும் அரைவிலை என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய தனியார் கடைகள் பல இருக்கின்றன. புதியவர்கள் ஏமாறுவது அவற்றில்தான். ஆகையால் சதுக்கத்துக்குப் போனால் மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். அன்றன்று காலையில் சில இருக்கைகளை மட்டும் மிகக் குறைந்த விலைக்கு விடும் வழக்கமும் உண்டு. முன்பு விடியற்காலையில் வாயிலில் வரிசை நின்று வாங்கிய இந்த டிக்கெட்டுகளில் பெரும்பகுதி இப்போது கைபேசிச் செயலிகளுக்குப் போய்விட்டது. தனியாளாகப் போகிறவருக்கு எங்கும் ராஜயோகம்தான்: ஜோடி ஜோடியாக விற்ற பிறகு மிஞ்சும் ஒற்றை இருக்கை பெரும்பாலும் நல்ல இடத்திலேயே இருக்கும். பிள்ளைகளோடு ஆகஸ்டு மாதத்தில் போகிறவர்கள், பெரியவர் ஒருவருக்கு முழு டிக்கெட் வாங்கினால் குழந்தை ஒன்றுக்கு இலவசம் என்று அந்தச் சங்கம் வருஷந்தோறும் அறிவிக்கும் திட்டத்தை மறக்கலாகாது.

தேதியைக் குறிக்கும்போது, நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாலைக் காட்சி பெரும்பாலும் 7.30 மணிக்குத் தொடங்கும். வெயில் காலத்தில் லண்டனின் 7.30 நம்முடைய நடுநிசி 12 மணி. குளிர் காலத்திலோ பின்னிரவு 1 மணி. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த பரம்பரையில் வந்தவர்கள்தாம் நாம் என்றாலும், பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்பு அந்தப் பெருமையை ஒப்புக்கொள்வதில்லை. வந்திறங்கிய அன்றும் மறுநாளும் இரவுக் காட்சிக்குப் போவது, அதிக விலை கொடுத்து வெல்வெட் நாற்காலியில் தூங்குவதற்குச் சமானம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு அவகாசம் இல்லாதவர்கள் பகல் 2.30 மணிக் காட்சிக்குப் போகலாம். வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது அங்கே வழக்கம். அவற்றில் இரண்டு பகலில் நடக்கும், பெரும்பாலும் சனிக்கிழமையன்று ஒன்றும், புதனிலோ வியாழனிலோ ஒன்றும். பெயர்பெற்ற நடிகர் ஒருவருக்காகவே போகிறவர்கள், அவர் எல்லாக் காட்சிகளிலும் தோன்றுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல்நலக் குறைவாலோ ஓய்வுக்காகவோ அவருக்குப் பதில் வேறொருவர் நடித்தால், வாயிலில் ஓர் அறிவிப்பு வைப்பார்களே தவிரப் பணம் திரும்பி வராது.

சாப்பாட்டை முன்னால் முடித்துக்கொள்வதே நல்லது. அந்த வட்டாரத்து உணவகங்களில் மாலை ஐந்து முதல் ஆறரை வரையில் நாடகத்துக்குப் போகிறவர்களுக்கென்றே இரண்டு மூன்று பதார்த்தங்கள் கொண்ட மலிவான சாப்பாடு உண்டு. உட்கார்ந்தவுடனே திரை எத்தனை மணிக்கு என்று பரிசாரகரிடம் சொல்லிவிட்டால், அந்தக் கணக்குக்குத் தக்கபடி பரிமாறிக் கணக்குச் சீட்டையும் கொண்டுவந்து வைத்துவிடுவார். உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கோட்டு போட்டவரும் கால்சட்டைக்காரரும் புடவை கட்டியவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். கவலைப்பட வேண்டியது நேரத்தைப் பற்றி. திரை எழுந்த பிறகு வருகிறவரை ஏற்ற இடைவெளி வரும் வரையில் உள்ளே விட மாட்டார்கள். சில நாடகங்களில் அது இடைவேளையாகவே இருக்கும். நாடக சபாவில் இரண்டாம் காட்சிக்கு வந்து, முன்வரிசைக்காரரின் காலை மிதித்துக்கொண்டு போய் உட்காரும் நம்முடைய சுதந்திரம் அங்கே செல்லாது.

உள்ளே போனால் நிகழ்ச்சிப் புத்தகத்தை விலைக்குத்தான் தருவார்கள். இடைவேளை இருபது நிமிஷம். கழுத்தில் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பணியாளர்கள் நடைபாதையில் நின்று சிறு கிண்ணங்களில் ஐஸ்கிரீம் விற்பார்கள். கரண்டி எங்கே என்று தேட வேண்டாம், மூடியின் உட்புறத்தில் பதுங்கியிருக்கும். பானம் வேண்டியவர்கள் நாடகம் தொடங்குவதற்கு முன்பே பணம் கட்டிவிட்டால், இடைவேளையில் மதுக்கூடத்து அலமாரியில் அவர்கள் பெயர்ச் சீட்டோடு கோப்பை காத்திருக்கும். பெண்கள் கழிவறைக்கு முன்னால் மட்டும் வரிசை படிக்கட்டு வரையில் நீளும்; அந்தச் சிற்பிகள் எத்தனையோ யோசித்தார்கள், இதை யோசிக்கவில்லை. முதல் அங்கத்தின் கைதட்டல் ஓயுமுன்பே எழுந்துவிடுவது ஒன்றே வழி.

அந்த இருபது நிமிஷத்தில் மேடையின் முகப்பில் ஒரு கனத்த திரை இறங்குவதைக் காணலாம். அது துணித் திரையல்ல, தீத்தடுப்புத் திரை. 1887-ல் எக்ஸெடர் நகரத்து நாடக சாலையில் மேடையில் பிடித்த தீயும் புகையும் உச்சி மாடத்துக்காரர்களை வெளியேற விடாமல் சூழ்ந்து, 180-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அந்தக் கோரத்துக்குப் பிறகு இத்தகைய திரை கட்டாயமாயிற்று. அது பழுதின்றி இறங்குகிறது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் ஒருமுறை சபையோர் கண்ணெதிரே நிரூபிக்க வேண்டும் என்பது விதி. ட்ரூரி லேன் சாலையில் அதற்கு முன்பே, 1794-லேயே, இரும்புத் திரை ஒன்று தொங்கவிட்டுப் பெருமையடித்துக்கொண்டார்கள். 1809-ல் அந்தச் சாலை அடியோடு எரிந்தது. அதன் அதிபரும் நாடகாசிரியருமான ஷெரிடன், எதிரே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து மது அருந்தியபடி தம் சொத்து எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த நிலையிலும் இவ்வளவு அமைதியா என்று வியந்தவர்களிடம், ஒருவன் தன் வீட்டுக் கணப்பருகே உட்கார்ந்து ஒரு கிண்ணம் அருந்தக் கூடாதா என்ற பொருளில் ஏதோ சொன்னார் என்பது கதை.

பத்தேகால், பத்தரை மணிக்குள் நாடகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். பல்லாயிரம் ஜனங்கள் ஒரே சமயத்தில் வீதிக்கு வருவதால் சுரங்க ரயில் நிலையங்களில் நெரிசல் சொல்லி முடியாது. கோவன்ட் கார்டன் நிலையத்தில் மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து படிக்கட்டில் இறங்கத் தொடங்கினால் 193 படிகள். அங்கிருந்து லெஸ்டர் சதுக்கத்து நிலையம் முந்நூறு கஜ தூரம்கூட இராது. அதற்கு ரயில் ஏறுகிறவர் புதியவர் என்று உடனே தெரிந்துவிடும். கூட்டம் கலையட்டும் என்று அரைமணி நேரம் காலாற நடப்பதுதான் சரியான உபாயம். வெள்ளி, சனி இரவுகளில் சில வழித்தடங்களில் விடிய விடிய ரயில் ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவையொட்டி கடைசி வண்டி போய்விடும், ஆகவே தங்குமிடத்துக்கான கடைசி ரயில் எப்போது என்பதை மாலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி பசித்தால், அந்நேரத்தில் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவுக்குப் பின்புறம் உள்ள ஜெரார்ட் வீதியின் சீனக் கடைகளில் சில நள்ளிரவு கடந்தும் திறந்திருக்கும். சுடச்சுடச் சோறு கிடைக்கும். மாமிசம் உண்ணாதவர்கள் மட்டும், கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.